மாஸ்ரரின் கோப்பு: கொரோனாக் காலத்துப் பயணம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியில் இருக்கும் எங்கள் ரிக்கெற் கடையில் ஒரு பயணத்துக்கு ஒரு கோப்பு திறப்போம். கடவுச்சீட்டுப் பிரதி, விசா, பயணச்சீட்டு, காசு கட்டிய துண்டு என்று நாலைந்து தாளோடு அது மூடப்பட்டுவிடும். கொக்குவில் மாஸ்ரரின் கோப்பு மட்டும் றப்பர் பான்ட் போட்டுக் கட்டுமளவுக்குத் தடித்துப்போனது. 2020 பெப்ரவரியில் திறந்தேன். 2022 மே வரை மூட முடியவில்லை. இதற்கிடையில் பெருந்தொற்று விதிகள் எத்தனை தரம் மாறின, எந்த மாற்றம் எங்களை விழுத்தியது, எந்த இடத்தில் நானே அவரை விழுத்தினேன் என்பதையெல்லாம் அந்தக் கோப்பை வைத்துக்கொண்டே எழுதுகிறேன். ஆட்களை அடையாளம் தெரியாதபடி சில விபரங்களை மாற்றியிருக்கிறேன். விதிகளையும் அவற்றின் திகதிகளையும் மாற்றவில்லை.

மாஸ்ரர் இளைப்பாறிய கணித ஆசிரியர், அப்போது வயது 68. மனைவிக்குச் சீனி வருத்தம். ஒரே மகள் லண்டன் ஹரோவில் கணவரோடும் பேத்தியோடும் இருக்கிறார். மாஸ்ரருக்கு லண்டன் போகும் ஆசை பெரிதாக இருக்கவில்லை. அவருடைய ஆசை சிதம்பரம்.

சிதம்பரம், 2020

2019 ஒக்ரோபர் 17 யாழ்ப்பாணத்துப் பலாலி, சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. நவம்பர் 11 முதல் சென்னைக்கு அலையன்ஸ் எயாரின் சிறிய ஏரிஆர் விமானம் பறந்தது. யாழ்ப்பாணத்தாருக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று வெளியூர்க்காரருக்கு விளங்காது. இங்கிருந்து கொழும்புப் பக்கம் இருக்கும் கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு இரவிரவாக பஸ்ஸிலோ வானிலோ போக வேண்டும். அதுவே அரைப் பயணம். பலாலியில் ஏறினால் ஒன்று, ஒன்றரை மணித்தியாலத்தில் சென்னை. மாஸ்ரர் ஏப்ரல் லீவுக்குத் திட்டம் போட்டார். கடவுச்சீட்டில் இந்திய விசாவும் குத்தியாயிற்று. ரிக்கெற் எடுக்க ஒரு கிழமை இருந்தபோது, மார்ச் 13 முதல் ஏறக்குறைய எல்லா விசாக்களையும் இந்தியா இடைநிறுத்தியது. அந்த மாதம் 20 ஆம் திகதி மாலை இங்கே நாடு முழுக்க ஊரடங்கு. 23 இல் இருந்து இந்தியாவின் வழமையான சர்வதேச விமானங்களும் நின்றன. அவை திரும்ப ஓடத் தொடங்கியது 2022 மார்ச் 27 இல்.

இதில் ஆய்வு செய்ய அதிகம் இல்லை. எல்லோருக்கும் நடந்ததுதான் இவருக்கும் நடந்தது. நான் அப்போது கவனிக்கத் தவறிய ஒன்று மட்டும் உண்டு: அந்த விசாவின் நாட்கள், நாங்கள் வீட்டுக்குள் பூட்டிக்கிடந்தபோதும் ஓடிக்கொண்டிருந்தன. விசாவுக்குக் கொரோனா தெரியாது. அதை அன்றைக்கே மண்டையில் ஏற்றியிருந்தால் அடுத்த வருடம் நான் விட்ட பிழையை விட்டிருக்க மாட்டேன்.

சாமத்திய வீடு, 2021

2021 மார்ச்சில் மகள் ஹரோவில் இருந்து அழைத்தார். பேத்தியின் சாமத்திய வீடு (பூப்புனித நீராட்டு விழா) ஓகஸ்ட் 21, சனிக்கிழமை. மண்டபம் பதிந்தாயிற்று, அம்மாவும் அப்பாவும் வரத்தான் வேண்டும். ஆறு மாத விசிட் விசாவுக்கு ஆளுக்கு 95 பவுண் கட்டி, கொழும்புக்குப் போய்க் கைவிரல் வைத்து வந்தார்கள். தொடங்கும் திகதியாக மே 17 ஐப் போடச் சொன்னது நான். நேரத்தோடு கையில் இருக்கட்டுமே என்று நினைத்தேன். ஆக, விசா நவம்பர் 17 வரை.

பிரித்தானியா அப்போது நாடுகளைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரித்து வைக்கத் தொடங்கியிருந்தது. சிவப்பு நாட்டில் கடந்த 10 நாளுக்குள் கால் வைத்தவர், விமானம் மாறுவதற்காக மட்டும் இறங்கியிருந்தாலும், பிரித்தானிய அல்லது ஐரிஷ் குடிமகனாகவோ வதிவிட உரிமை உள்ளவராகவோ இல்லாவிட்டால் உள்ளே போக முடியாது. இங்குள்ள சனம் வழமையாக ஏறும் டுபாயும் டோஹாவும் ஏற்கெனவே சிவப்பில் இருந்தன. நான் கெட்டிக்காரத்தனமாக இஸ்தான்புல் வழியாக ரிக்கெற் போட்டேன். மே 12 துருக்கி சிவப்புக்குப் போனது. சரி, திகதியும் வழியும் மாற்றலாம் என்ற நிபந்தனையோடு எடுத்த ரிக்கெற்தானே என்று, கட்டுநாயக்கவில் இருந்து நேரே லண்டன் போகும் விமானத்துக்கு, ஓகஸ்ட் 10 இற்கு மாற்றினேன்.

ஜூன் 3 வியாழன் பின்னேரம் மாஸ்ரர் தொலைபேசியில் வந்தார்.

"தம்பி, உந்த சிவப்புப் பட்டியல்ல நாங்களும் வந்திட்டமாம், மெய்யோ?"

"ஓம் மாஸ்ரர். செவ்வாய் விடிய நாலு மணியில இருந்து."

"ஆற்ற நாலு மணி?"

கணக்கு வாத்தியார் என்றால் இதுதான். நான் அதை யோசிக்கவே இல்லை. லண்டன் நேரம் 4 மணி, எங்களுக்குக் காலை 8.30. அந்த நேரத்துக்கு முன் தரையிறங்குபவருக்குப் பழைய விதி, பின் இறங்குபவருக்குப் புதிய விதி. ரிக்கெற் எடுத்த நாள் எது, கட்டுநாயக்கவில் ஏறிய நேரம் எது என்பதையெல்லாம் எல்லை பார்ப்பதில்லை. அன்றிரவு எங்கள் கடைக்கு வந்த அழைப்புகளில் பாதிப்பேர் "நாங்கள் போன மாதமே எடுத்திட்டம், எங்களுக்கு உது பொருந்தாதுதானே?" என்றுதான் கேட்டார்கள். அத்தனை பேருக்கும் ஒரே பதிலைச் சொல்லிக் களைத்துப்போனேன்.

மகள் இங்கே வரலாமே என்றும் பார்த்தோம். வரலாம். ஆனால் திரும்பிப் போகும்போது அரசு குறித்த ஹோட்டலில் 10 நாள் தனிமைப்படுத்தல். முதல் பெரியவருக்கு 1,750 பவுண், ஓகஸ்ட் 12 முதல் 2,285. மூன்று பேருக்கு அந்தக் காசில் இன்னொரு சாமத்திய வீடே செய்யலாம் என்றார் மருமகன்.

ஓகஸ்ட் 20 இரவு 10 மணிக்கு இலங்கை முழுதும் தனிமைப்படுத்தல் ஊரடங்கு வந்தது. அடுத்த நாள் மாஸ்ரரும் மனைவியும் பட்டுடுத்தி, மடிக்கணினியைச் சாமியறை வாசலில் ஸ்ரூலில் வைத்து, ஜூமில் பேத்தியைப் பார்த்தார்கள். ஆராத்தி எடுக்கிற நேரம் பார்த்து டேற்றா முடிந்துவிட்டது. கடைகள் பூட்டு. மாஸ்ரர் எனக்கு அழைத்தார், நான் இங்கிருந்து றீலோட் போட்டுவிட்டேன். ரிக்கெற் கடைக்காரன் செய்து கொடுத்த ஒரே சேவை அன்றைக்கு அதுதான்.

ஐந்து மணித்தியாலம்

இந்தக் கோப்பில் நான் திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்கும் பகுதி இனித்தான் வருகிறது.

செப்ரெம்பர் 22 இலங்கை சிவப்பில் இருந்து இறங்கியது. விழா முடிந்துவிட்டது, ஆனாலும் பேத்தியைப் பார்க்கலாம். விசாவில் இன்னும் எட்டுக் கிழமை இருக்கிறது. ஒரு சிக்கல்: இருவரும் போட்டது சினோஃபார்ம் என்ற சீனத் தடுப்பூசி. மே மாதக் கடைசியில் யாழ்ப்பாணத்துக்கு வந்தது அதுதான். உலக சுகாதார நிறுவனம் மே 7 இலேயே அதை ஏற்றிருந்தும், பிரித்தானியாவின் பட்டியலில் அது இன்னும் இல்லை. எனவே இரண்டு ஊசி போட்டும் ஊசி போடாதவர் கணக்கு. புறப்பட முன் ஒரு பரிசோதனை, போய் 2 ஆம் நாளும் 8 ஆம் நாளும் பிசிஆர், மகள் வீட்டில் 10 நாள் அடங்கியிருக்க வேண்டும். அங்கே அரச பொதியில் இரண்டு பிசிஆர் ஆளுக்கு 136 பவுண். இங்கே தனியார் ஆய்வுகூடத்தில் உச்ச விலை 6,500 ரூபா என்று அரசு கட்டுப்படுத்தியிருந்தது.

மாஸ்ரர் கடைக்கு வந்து, மேசையில் கிடந்த பற்றுச்சீட்டு ஒன்றின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டார். அந்தத் தாள் இப்போதும் கோப்பில் இருக்கிறது. விமானம் வியாழன் மதியம் 1 மணி. பரிசோதனை அதற்கு முன்னான 72 மணித்தியாலத்துக்குள் என்று வைப்போம். கையில் முடிவு இல்லாமல் யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட முடியாது. வான் வெளிக்கிடுவது புதன் பின்னேரம் 6 மணி, விமானத்துக்கு 19 மணித்தியாலம் முன்னால். 72 இல் 19 போனால் 53. இங்கே எடுக்கும் மாதிரி இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் போய் முடிவு வர 36 மணித்தியாலம், மெதுவான நாளென்றால் 48.

"53 இல 48 போனா அஞ்சு," என்றார் பேனையை மூடிக்கொண்டு. "தம்பி, இந்த அஞ்சு மணித்தியாலத்துக்குள்ளதான் நாங்கள் லண்டன் போகவேணும்."

விதியை எழுதுகிறவர் மனதில் பயணியின் வீடு விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. நீர்கொழும்பில் இருப்பவருக்கு 72 என்றால் 72. யாழ்ப்பாணத்தில் இருப்பவருக்கு 400 கிலோமீற்றரைக் கழித்துத்தான் அந்த எண்ணை வாசிக்க வேண்டும். நான் அதுவரை எந்த வாடிக்கையாளருக்கும் இந்தக் கழித்தலைச் செய்து காட்டியதில்லை. விதியில் இருந்த எண்ணை அப்படியே சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தேன்.

வழி இருந்தது. மூன்று நாள் முந்திப் போய் வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் தங்கி, மாதிரியைக் கொழும்பிலேயே கொடுக்கலாம். மாகாணம் விட்டு மாகாணம் போகும் தடை ஒக்ரோபர் 31 விடிய வரை இருந்தது, ஆனால் விமானச்சீட்டைக் காட்டிப் போகலாம். செலவு கூடும், அவ்வளவுதான். மாஸ்ரர் அதற்கும் தயாராகத்தான் இருந்தார். அவருடைய மனைவி, அம்மாதான் தயங்கினார், சீனி வருத்தத்தோடு 10 நாள் ஒரு அறைக்குள் இருக்க வேண்டுமே என்று. இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் சொன்னேன்: "கொஞ்சம் பொறுங்கோ மாஸ்ரர். ஒக்ரோபர் 11 இல இருந்து இந்தியாவின்ர சான்றிதழை எடுக்கிறாங்கள். எங்கடையும் வந்திடும். பேந்து தனிமைப்படுத்தலே இல்லை."

நான் சொன்னது நடந்தது. நவம்பர் 8 அறிவித்தார்கள்: சினோஃபார்ம், சினோவாக், கோவக்ஸின் மூன்றும் நவம்பர் 22 முதல் ஏற்கப்படும். விசா முடிவது நவம்பர் 17. ஐந்து நாள்.

அறிவிப்பைப் படித்த அன்று மாஸ்ரரின் இலக்கத்தை எடுத்து வைத்துக்கொண்டு பத்து நிமிடம் சும்மா இருந்தேன். பிறகு அழைத்துச் சொன்னபோது அவர் கோபிக்கவில்லை. "அஞ்சு எண்ட இலக்கம் எங்களுக்குச் சரிவராது போல," என்றார்.

நான் எங்கே பிழைத்தேன் என்பது இப்போது தெளிவு. வரப்போகும் விதியைச் சரியாகக் கணித்தேன், ஆனால் அதைத் தனியாக வைத்துக் கணித்தேன். அந்தக் கோப்பில் ஓடிக்கொண்டிருந்த மற்ற மணிக்கூட்டை, விசாவை, பார்க்கவில்லை. பிரித்தானியா எப்போது மனம் மாறும் என்பது என் ஊகம். நவம்பர் 17 கடவுச்சீட்டில் அச்சடித்துக் கிடந்தது. அச்சடித்ததை விட்டு ஊகத்தைப் பிடித்தேன். ஒக்ரோபர் முதற்கிழமை போயிருந்தால் 10 நாள் அடங்கியிருந்து, அதற்குமேல் ஒரு மாதம் பேத்தியோடு இருந்திருக்கலாம். அந்த 10 நாளும் மகள் வீட்டில்தானே! அதைத் தண்டனை மாதிரிப் பார்த்தது எங்கள் எல்லோரதும் மடத்தனம்.

சிங்கப்பூர், ஒரு பக்கத்தில்

பாடசாலை லீவுக்கு இரு பக்கமும் சிங்கப்பூரில் சந்திப்போம் என்றார் மகள். இலங்கைக் கடவுச்சீட்டுக்கு அங்கே விசா தேவையில்லை. ஊசி போட்டவர்களுக்கான தனிப் பயணப் பாதையில் பிரித்தானியா ஒக்ரோபரில் சேர்ந்திருந்தது, டிசம்பர் நடுப்பகுதியில் இலங்கையும் சேர்ந்தது. லண்டன் பக்கம் இணையத்தில் மலிவாக ரிக்கெற் எடுத்துவிட்டது. எங்கள் பக்கம் அட்டையில் மாட்டிக்கொண்டது.

எங்களுக்குத் தந்த தடுப்பூசி அட்டை கையால் எழுதியது. வெளிநாட்டுக்கு அது காணாது, சுகாதார அமைச்சின் கியூஆர் குறியீட்டோடு வரும் சான்றிதழ் வேண்டும். மாஸ்ரரின் அட்டையில் தகப்பன் பெயர் ஓர் எழுத்தாக, கடவுச்சீட்டில் அது முழுப்பெயராக. அம்மாவின் அட்டையில் முதலெழுத்து மாஸ்ரருடையது, கடவுச்சீட்டில் இன்னும் அம்மாவின் தகப்பன் பெயர். கலியாணம் கட்டி நாற்பது வருடம், கடவுச்சீட்டு அதை ஒத்துக்கொள்ளவில்லை. அதோடு இரண்டாவது ஊசி 05.07 என்று எழுதியிருந்தது, ஜூலை 5. சான்றிதழில் அது மே 7 என்று ஏறிவிட்டது. மே 7 யாழ்ப்பாணத்தில் சினோஃபார்ம் இல்லவே இல்லை என்பதை யாருக்குப் போய் விளக்குவது? திருத்தி எடுத்தபோது டிசம்பர் 21. அடுத்த நாள் சிங்கப்பூர் அந்தப் பாதைக்குப் புதிய ரிக்கெற் விற்பதை 23 முதல் ஜனவரி 20 வரை நிறுத்துவதாக அறிவித்தது. காரணம் ஒமிக்ரோன்.

ஏற்கெனவே எடுத்தவர்கள் போகலாம். ஆனால் அம்மா அப்பா இல்லாமல் அவர்கள் எதற்குப் போவது? விற்ற தளம் காசைத் தராமல் வவுச்சர் தந்தது. 12 மாதத்துக்குச் செல்லும் என்று மருமகன் ஆறுதலடைந்தார். சின்ன எழுத்தைப் படித்தபோதுதான் தெரிந்தது, 12 மாதத்துக்குள் பதிந்தால் போதாது, பறந்தும் முடிக்க வேண்டும். வவுச்சர் வாங்குகிறவர்கள் முதலில் தேட வேண்டிய வரி அது.

மே 11, 2022

புது விசா, திரும்பவும் கொழும்பு, திரும்பவும் கைவிரல். இந்தத் தரம் தொடக்கத் திகதியைப் பயணத் திகதிக்கு ஒரு கிழமை முன்னால் மட்டும் போட்டோம். பிரித்தானியா பெப்ரவரி 11 இல் ஊசி போட்டவர்களுக்குப் பரிசோதனையை எடுத்தது, மார்ச் 18 இல் எல்லாவற்றையுமே எடுத்துவிட்டது, பயணிகள் நிரப்பும் படிவம் உட்பட. பெருந்தொற்றுப் பக்கம் கதவு முழுக்கத் திறந்தாயிற்று.

அப்புறம் மார்ச் 7 மத்திய வங்கி ரூபாவைத் தளர்த்தியது. டொலர் 200 ரூபாவில் இருந்து ஏப்ரல் நடுப்பகுதிக்குள் 300 ஐத் தாண்டியது. மாஸ்ரர் சேர்த்து வைத்திருந்த காசு ஒருவழிக்குத்தான் காணும் போலிருந்தது. மகள் லண்டனிலேயே பவுணில் ரிக்கெற் எடுத்தார். இரண்டு வருடம் சுமந்த கோப்பில் எனக்குக் கொமிஷனும் போனது. பரவாயில்லை, நவம்பருக்கு அதுவே கணக்குத் தீர்ந்தது என்று எடுத்துக்கொண்டேன்.

பயணம் மே 11 மதியம். மே 9 கொழும்பில் கலவரம், நாடு முழுக்க ஊரடங்கு. இந்த ஊரடங்குக்கும் கொரோனாவுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, ஆனால் பழகிய கை பழகிய வேலையைச் செய்தது. ரிக்கெற்றையும் கடவுச்சீட்டின் முதற்பக்கத்தையும் பெரிதாக்கி அச்சடித்து வானின் முன் கண்ணாடியில் ஒட்டினோம். வான்காரத் தம்பி இரண்டு இரவு வரிசையில் நின்று டீசல் அடித்து வைத்திருந்தார். 19 மணித்தியாலத்தை 30 ஆக்கி, 10 ஆம் திகதி காலை 7 மணிக்கே வெளிக்கிட வைத்தேன். வவுனியா தாண்டுமுன் இரண்டு இடத்தில் மறித்தார்கள், கண்ணாடியைப் பார்த்துவிட்டு விட்டார்கள். பின்னேரம் கட்டுநாயக்க. இரவு முழுக்கக் கதிரையில் இருந்தார்கள். அம்மா கியூஆர் சான்றிதழ் இரண்டையும் லாமினேற் செய்து கைப்பையில் வைத்திருந்தார். ஹீத்ரோவில் அதை எடுக்க வேண்டிய தேவையே வரவில்லை.

கோப்பை அன்றைக்கு மூடினேன்.

டிசம்பர் 12 பலாலியில் இருந்து சென்னை விமானம் திரும்பத் தொடங்கியது. லண்டனில் இருந்து வந்திருந்த மாஸ்ரர் அடுத்த நாளே கடையில். 2023 ஜனவரி 6 திருவாதிரை, சிதம்பரத்தில் ஆருத்திரா தரிசனம். புதுக் கோப்பு திறந்தேன். டிசம்பர் 29 இந்தியா மறுபடி ஒரு பட்டியல் வெளியிட்டது: ஜனவரி 1 முதல் சீனா, ஹொங்கொங், ஜப்பான், தென்கொரியா, சிங்கப்பூர், தாய்லாந்து ஆகிய இடங்களில் இருந்து வருவோருக்குப் பிசிஆர் கட்டாயம். அரை மணித்தியாலத்தில் தொலைபேசி அடித்தது.

"தம்பி, நாங்கள் அதில இல்லை, பாத்திட்டன். ஆனா அந்த வழியால வாறாக்களையும் சேர்க்கிறாங்களோ?"

"நீங்கள் பலாலியில ஏறி நேர சென்னையில இறங்கிறியள் மாஸ்ரர். வழியில ஒண்டும் இல்லை."

"வீட்டில இருந்து எத்தினை மணிக்கு வெளிக்கிடவேணும்?"

கொக்குவிலில் இருந்து பலாலிக்கு அரை மணித்தியாலம். எதற்கும் ஐந்து மணித்தியாலம் முந்தி வாறம் என்றார்.